108-ஐ அழைப்பதா, நாமே வண்டியில் தூக்கிப் போவதா?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கட்டிலில் சாய்ந்துவிட்டார். வாசலில் கார் நிற்கிறது. மருத்துவமனை இருபது நிமிடத் தூரம். "ஆம்புலன்ஸ் எப்போது வந்து சேருமோ, நாமே போய்விடலாமா?" என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றும். அந்த நேரத்தில் மருத்துவமனை வாசலை யார் முதலில் தொடுவது என்று கணக்குப் போடாதீர்கள். இவருக்கு வேண்டிய சிகிச்சை எங்கே முதலில் தொடங்கும், வழியில் மூச்சோ துடிப்போ நின்றால் பக்கத்தில் என்ன இருக்கும் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். முடிவு அங்கேதான் இருக்கிறது.

108 வண்டி வெறும் வாகனம் அல்ல. ஓட்டுநரைத் தவிர, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் பின்னால் இருப்பார். ஆக்சிஜன், தொண்டையில் தேங்கும் சளியையும் வாந்தியையும் உறிஞ்சி எடுக்கும் கருவி, மூச்சு நின்றால் பையை அழுத்திக் காற்றுக் கொடுக்கும் ஆம்பு பை, கழுத்துப் பட்டை, ஸ்ட்ரெச்சர், குளுக்கோஸ், பிரசவம் பார்க்கும் பொருள்கள் எல்லாம் அதில் உண்டு. மேம்பட்ட உயிர்காப்பு வண்டி என்றால் வென்டிலேட்டரும், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் டீஃபிப்ரிலேட்டரும் இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மருத்துவரிடம் போனில் கேட்டு மருத்துவ உதவியாளர் மருந்தும் கொடுப்பார். இவற்றில் எதுவும் உங்கள் காரின் பின்சீட்டில் கிடையாது. அதைவிட முக்கியம், ஓடும் காரில் நெஞ்சை அழுத்தி உயிர்காக்க முடியாது. சீட் மெத்தென்று இருக்கும், இடம் போதாது, அழுத்துகிற விசை உடம்புக்குப் போகாமல் மெத்தைக்குள் போய்விடும்.

அதற்காக எல்லா நேரமும் காத்திருக்கவும் கூடாது. வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் எந்த ஆம்புலன்ஸும் அதை நிறுத்தாது, அறுவை அரங்குதான் நிறுத்தும். பாம்புக் கடிக்கு விஷமுறிவு மருந்தை மருத்துவர் கண்காணிப்பில்தான் ஏற்ற வேண்டும். இப்படிப்பட்ட நிலைகளில் ஆம்புலன்ஸ் அரை மணி நேரம் தள்ளி இருக்கிறது, மருத்துவமனை பத்து நிமிடத்தில் இருக்கிறது என்றால் புறப்பட்டுவிடுவதே சரி.

எதுவானாலும் முதலில் 108-ஐ அழையுங்கள்

சொந்த வண்டியில் போவதாக இருந்தாலும் அழைக்க வேண்டும். அழைப்புக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் வண்டி எங்கிருந்து வருகிறது, எத்தனை நிமிடமாகும் என்பது தெரிந்துவிடும். அது தெரியாமல் எடுக்கும் எந்த முடிவும் குருட்டுக் கணக்குதான். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து இந்தச் சேவை நடக்கிறது. அழைப்பும் இலவசம், வண்டியும் இலவசம். முன்னால் எஸ்.டி.டி. எண் எதுவும் போட வேண்டாம். 108 கிடைக்காவிட்டால் 112-ஐ அழையுங்கள்.

நோயாளியின் பக்கத்தில் இருப்பவரே அழைக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு, அவர் 108-க்குப் போன் போட்டால், "மூச்சு எப்படி இருக்கிறது?" என்ற முதல் கேள்விக்கே அவரால் பதில் சொல்ல முடியாது. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். சொல்ல வேண்டியதை இந்த வரிசையில் சொல்லுங்கள்:

முதலில் இடம். அழைப்பு பாதியில் அறுந்தாலும் வண்டி கிளம்பிவிடும். மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். "காந்தி நகர், இரண்டாவது தெரு" என்று மட்டும் சொன்னால் மாவட்டத்துக்குப் பத்து காந்தி நகர் இருக்கும். பிறகு கண்ணில் படும் அடையாளம் ஒன்று. ரேஷன் கடை, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, டிரான்ஸ்பார்மர், பள்ளிக்கூடம், எதுவாகவும் இருக்கலாம். "அண்ணாச்சி கடைக்கு எதிரே" என்பது உங்கள் தெருக்காரருக்குத்தான் தெரியும்.

அடுத்து என்ன ஆயிற்று என்பதை ஒரே வரியில். "அப்பாவுக்கு 58 வயது, கால் மணி நேரமாக நெஞ்சு இறுக்கம், வியர்த்துக் கொட்டுகிறது, பேசுகிறார்" என்றால் போதும். நினைவு இருக்கிறதா, மூச்சு ஓடுகிறதா, ரத்தம் போகிறதா என்ற மூன்றையும் கட்டாயம் சொல்லுங்கள். "உடம்பு சரியில்லை, சீக்கிரம் வாங்க" என்று பத்து முறை சொன்னாலும் எந்த வண்டியை அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியாது. நெஞ்சுவலி, வலிப்பு, பிரசவ வலி என்று பெயரைச் சொன்னால்தான் பொருத்தமான வண்டியை அனுப்ப முடியும். சந்தின் அகலம், மாடி, லிஃப்ட் விவரம் இறுதியில். சென்னை போன்ற நெரிசலான இடங்களில் பைக் ஆம்புலன்ஸ்களும் உண்டு. அதனால் நான்கு சக்கர வண்டி நுழையாத சந்து என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள். அதன்பின் அந்த எண்ணில் வேறு யாருடனும் பேசவும் வேண்டாம். ஓட்டுநர் வழி கேட்டு அதே எண்ணுக்குத்தான் அழைப்பார். சொந்தபந்தத்துக்குத் தகவல் சொல்ல வேறொரு போனை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வண்டிகள் தெருமுனையில் தேடிக்கொண்டு நிற்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

நெடுஞ்சாலையில் விபத்து என்றால் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். நடுவில் தடுப்பு இருக்கும் நான்குவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்த வண்டி, திரும்பும் இடம் தேடிப் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

வண்டி வருவதற்குள் ஒருவர் தெருமுனைக்குப் போகட்டும், இரவென்றால் கையில் டார்ச்சுடன். கேட்டைத் திறந்து வையுங்கள். நாயைக் கட்டுங்கள். வாசலை அடைத்து நிற்கும் பைக்குகளை நகர்த்துங்கள். அடுக்குமாடி என்றால் ஒருவர் லிஃப்டைத் தரைத்தளத்தில் பிடித்து நிற்கட்டும். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் போகாதென்றால் உறுதியான, கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்றை எடுத்து வையுங்கள். நினைவோடு இருப்பவரை மாடியிலிருந்து உட்காரவைத்து இறக்க அதுவே எளிது. லேசான பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், பாதிப் படியில் கால் மடங்கிவிடும்.

நிமிடக் கணக்கு

வண்டி 10 நிமிடத்தில் வருகிறது, மருத்துவமனை 40 நிமிடம் என்றால் காத்திருங்கள். அந்த 40 நிமிடமும் ஆக்சிஜனும் ஆளும் கூடவே வரும். வண்டி வர 30 நிமிடம், மருத்துவமனை 8 நிமிடம், நோயாளி நினைவோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் கிளம்புங்கள். இரண்டுமே தூரம் என்றால் மூன்றாவது வழி இருக்கிறது: நீங்கள் புறப்பட்டு வருவதைச் சொல்லி, பாதி வழியில் சந்திக்க ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க், சுங்கச் சாவடி, ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற தப்பவிட முடியாத இடமாக இருக்க வேண்டும். மலைக் கிராமங்களில் பெரும்பாலும் இதுதான் நடைமுறை, தார்ச் சாலை தொடங்கும் இடத்தில் வண்டி நிற்கும். பேசிய பாதையை மாற்றாதீர்கள், குறுக்கு வழியில் போய்விட்டால் வண்டியும் நீங்களும் ஒருவரையொருவர் தாண்டிப் போய்விடுவீர்கள்.

இந்தக் கணக்குக்கு வராத ஒரு நிலை உண்டு. தட்டி எழுப்பினால் அசைவில்லை, மூச்சும் இல்லை, அல்லது கரைக்கு வந்த மீன் போல எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து இழுக்கிறார் என்றால் அவரை எங்கேயும் தூக்க வேண்டாம். தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவே இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடக்காமல் அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், களைத்த கை ஆழமாக அழுத்தாது. அந்த இழுப்பை மூச்சு என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. நீரில் மூழ்கியவர் என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதிவிட்டு அழுத்தத் தொடங்குங்கள்.

நெஞ்சுவலி

நம் ஊரில் மாரடைப்பில் நேரம் கரைவது சாலையில் அல்ல, சமையலறையில். வாயு என்று சோடா, ஓம வாட்டர், ஜெலுசில், கொஞ்சம் தைலம், "படுத்தால் சரியாகிவிடும்" என்று ஒரு மணி நேரம் போய்விடும். நெஞ்சின் நடுவே கல்லை வைத்தாற்போல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சு முட்டல் ஆகியவற்றில் எது இருந்தாலும் வாயு என்று தீர்ப்புச் சொல்லும் வேலை இ.சி.ஜி.யுடையது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியும் குமட்டலும் மட்டும் வரலாம்.

மாரடைப்பு வந்தவர் தானே வண்டி ஓட்டக் கூடாது. பைக்கின் பின்னால் உட்காரவும் கூடாது. தொடங்கிய முதல் மணி நேரத்தில் இதயம் திடீரென்று தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும் ஆபத்து மிக அதிகம். அதைத் திருப்பிக் கொண்டுவருவது மின்னதிர்ச்சி ஒன்றுதான். ஆம்புலன்ஸுக்காகக் காத்திருப்பது அதற்காகவே. முதுகுக்குத் தலையணை கொடுத்து, முழங்கால் மடங்கச் சாய்ந்து உட்காரட்டும். நடக்க வேண்டாம், மாடிப்படி இறங்க வேண்டாம், கழிவறைக்குக்கூடப் போக வேண்டாம்.

ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவோ, பக்கவாதச் சந்தேகமோ இல்லையென்றால், 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். போனில் பேசுபவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பக்கத்து வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது ஆளைச் சாய்த்துவிடும். மருத்துவர் அவருக்கென்றே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும்தான்.

பெரிய மருத்துவமனை தூரம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தை மறந்துவிடாதீர்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கே 14 மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோகிரெல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. அடைப்பை நீக்கும் வேலைக்கு அடுத்த மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் ரத்தம் மேலும் உறைவதைத் தடுக்கும் மருந்து வழியிலேயே உள்ளே போயிருக்கும். வீட்டில் ஏற்கெனவே ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

எந்த மருத்துவமனை என்பதிலும் தவறுகிறோம். வழக்கமாகப் பார்க்கும் கிளினிக்குக்குப் போய், அங்கே இ.சி.ஜி. எடுத்து, "பெரிய இடத்துக்குப் போங்க" என்று அனுப்பப்பட்டு, மறுபடி வண்டி தேடுவதில் முக்கால் மணி நேரம் போகும். இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கேத் லேப் 24 மணி நேரமும் இயங்கும் இடம் எது, அது இல்லையென்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் அரசு மருத்துவமனை எது என்பதை இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதம்

வாய் ஒரு பக்கம் கோணுகிறது, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறது, பேச்சு குழறுகிறது. இதில் ஒன்று இருந்தாலே போதும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகவே ஸ்கேன் இல்லாத இடம் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் பயன் இல்லை. போவதற்கு முன்பே போன் போட்டு, "சி.டி. இப்போது வேலை செய்கிறதா, பக்கவாதத்துக்கு ஊசி போடுவீர்களா?" என்று கேளுங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அடைப்பா ரத்தக் கசிவா என்று ஸ்கேனுக்குத்தான் தெரியும். தண்ணீர்கூட வேண்டாம், புரையேறும். நாலரை மணி நேரம் எண்ணத் தொடங்குவது நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து அல்ல. அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான். காலையில் எழுந்தபோது வாய் கோணியிருந்தால், நேற்றிரவு படுக்கப் போன நேரத்தையும் நடுவில் யாரிடமாவது பேசினாரா என்பதையும் சொல்ல வேண்டும்.

சர்க்கரை குறைந்தாலும் இதே போலக் குழறும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு சொட்டு பார்த்துவிடுங்கள். 70-க்குக் கீழே இருந்து, நினைவோடு விழுங்க முடிகிறது என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சாலை விபத்து

அடிபட்டவரை இருவர் கையையும் இருவர் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கித் திணித்துப் போவதை எங்கும் பார்க்கிறோம். நல்ல மனத்தோடு செய்வதுதான். ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தண்டுவடம் அந்தத் தூக்கலில்தான் அறுபடும். பிழைப்பார், கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. இடுப்பெலும்பு முறிந்திருந்தால் அந்த மடக்கலில் உள்ரத்தப்போக்கு கூடும். உயரத்திலிருந்து விழுந்தவர், வேகமாக வந்து மோதியவர், கழுத்து வலிக்கிறது என்பவர், கைகால் மரத்திருக்கிறது என்பவர் எல்லோருக்கும் ஆம்புலன்ஸ்தான். தீ, வெள்ளம், வந்துகொண்டிருக்கும் லாரிகள் என்று அங்கேயே ஆபத்து இருந்தால் மட்டும், தலையும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி அக்குளில் கைகொடுத்து நீளவாக்கில் இழுங்கள்.

ஹெல்மெட்டைச் சுழற்றிக் கழற்றாதீர்கள். மூச்சு விடுகிறார் என்றால் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு, வண்டி வரும்வரை தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்திருங்கள். ரத்தம் போகும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணி. கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்காவிட்டால் காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் போட வேண்டாம், அதைக் கழுவி எடுப்பதே அங்கே பெரும் வேலையாகும். தண்ணீர் கேட்பார், கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும்.

"போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டியிருக்குமே" என்ற பயத்தில் வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு உதவி செய்தவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, நல்லெண்ணத்தோடு செய்த உதவிக்காக வழக்குப் போடவும் முடியாது. பணத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சையை, வரையறுத்த தொகை வரை, பட்டியலில் இருக்கும் தனியார் மருத்துவமனையிலும் அரசு செலவில் பெறலாம்.

பாம்புக் கடி

இங்கே கணக்கு தலைகீழ். 108-ஐ அழைத்த பிறகு, வண்டி வரத் தாமதமாகும் என்றால் கிடைக்கிற வண்டியில் உடனே கிளம்புங்கள். பைக் மட்டும்தான் இருக்கிறதென்றால், நினைவோடு இருக்கும்வரை கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகலாம். நடக்கவோ ஓடவோ விடக் கூடாது, தசை அசைய அசைய விஷம் ஏறும். கடித்த கையையோ காலையோ உடைந்த எலும்புக்குக் கட்டுவதுபோலக் குச்சியோ ஸ்கேலோ வைத்து அசையாமல் கட்டுங்கள். கயிறு போட்டு இறுக்காதீர்கள். கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைத்துக் கட்டுவது, மந்திரிக்கக் கூட்டிப் போவது எதுவும் வேண்டாம். வீக்கம் ஏறுவதற்குள் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

போக வேண்டியது விஷமுறிவு மருந்து இருக்கும் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் ஒரே மருந்துதான். ஆகவே பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர வேண்டியதில்லை. இரவில் தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து, கண் இமையைத் தூக்க முடியாமல் தவித்தால் கட்டு விரியனைச் சந்தேகியுங்கள். கடித்த தடமே தெரியாது. இமை இறங்கியவருக்கு அடுத்து மூச்சு நிற்கலாம். பைக்கும் காரும் அவருக்கு ஆகாது, ஆம்பு பையோடு ஆள் வர வேண்டும். அந்த வண்டி வரத் தாமதம் என்றால் காரில் கிளம்பி எதிரே போய்ச் சந்தியுங்கள்.

மற்றவை

பூச்சிமருந்தோ வேறு நஞ்சோ உள்ளே போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். நனைந்த துணியைக் கழற்றி, தோலைக் கழுவி, இடப்பக்கமாகப் படுக்கவையுங்கள். பாட்டிலையோ பாக்கெட்டையோ கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை சீக்கிரம் தொடங்கும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பதாலோ வாயில் கரண்டி வைப்பதாலோ பலன் இல்லை, பல்தான் உடையும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, கர்ப்பிணிக்கு வந்தாலோ, முதல்முறையாக வந்தாலோ 108.

பிரசவ வலியில் சொந்த வண்டியில் போகலாம், இடப்பக்கமாகச் சாய்ந்தபடி. ரத்தப்போக்கு, வலிப்பு, தொப்புள்கொடி முதலில் வெளியே வருவது இவை இருந்தால் ஆம்புலன்ஸ். வழியில் குழந்தையின் தலை தெரிந்துவிட்டால் வேகத்தைக் கூட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி 108-க்குப் பேசுங்கள். பிறந்த குழந்தையைத் துடைத்து, தாயின் மார்பிலேயே போட்டுத் துணியால் மூடுங்கள். கொடியை இழுக்கவோ வெட்டவோ வேண்டாம்.

விரல் முறிவு, தையல் போட வேண்டிய சிறு வெட்டு, கழுத்தும் தலையும் அடிபடாத வழுக்கல், நன்றாகப் பேசுகிறவரின் காய்ச்சல், கல்லடைப்பு வலி இதற்கெல்லாம் ஆட்டோ போதும். அந்த நேரத்தில் 108 வண்டி வேறொருவருக்குத் தேவைப்படும். போகலாமா வேண்டாமா என்ற சந்தேகம் மட்டும் என்றால் 104-இல் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

நாமே ஓட்டிப் போவதென்றால்

குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் ஓட்டுவதற்கு, ஒருவர் பின்னால் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருவதற்கு. ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவே கூடாது. வீட்டில் யார் அதிகம் பதறவில்லையோ அவர் ஓட்டட்டும், மகனே ஓட்ட வேண்டும் என்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் நல்ல தேர்வு. மூச்சு முட்டுகிறவரைப் படுக்கவைக்காதீர்கள், உட்கார்ந்தபடியே வரட்டும். தலைசுற்றி வெளிறியவர் படுத்தபடி. வாந்தி எடுப்பவர் இடப்பக்கம் ஒருக்களித்து. குழந்தையைப் பின்சீட்டில் இன்னொருவர் மடியில், தலை முன்னால் தொங்கி மூச்சுக்குழாய் மடியாதபடி வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டும் நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். ஆனால் சிவப்பு விளக்கைத் தாண்டாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு விலகாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. உங்கள் காருக்கு யாரும் விலகக் கடமைப்பட்டவர்கள் அல்ல, உங்கள் அவசரம் குறுக்கே வருகிறவருக்குத் தெரியாது. முன்னே போகும் ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்து ஓட்டவும் வேண்டாம்.

வழியில் பேச்சு நின்று மூச்சும் நின்றால் "இன்னும் ஐந்து நிமிடம்தான்" என்று ஓட்டாதீர்கள். மருத்துவமனை வாசல் கண்ணுக்குத் தெரிந்தால் ஒழிய, ஓரம் கட்டி, தரையில் இறக்கி, நெஞ்சை அழுத்தத் தொடங்கி, 108-ஐ அழையுங்கள்.

தனியார் ஆம்புலன்ஸ் என்றால்

ஏற்றுவதற்கு முன்பே போனில் நான்கு கேள்வி: பின்னால் யார் இருப்பார், பயிற்சி பெற்றவரா? ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை, அளவு என்ன? மொத்த வாடகை எவ்வளவு, திரும்பும் தூரமும் சேர்த்தா? நாங்கள் சொல்லும் மருத்துவமனைக்குத்தான் போவீர்களா? கடைசிக் கேள்விக்கு "அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கு" என்று பதில் வந்தால் வேறு வண்டி பாருங்கள்.

ஆக்சிஜனை நீங்களே கணக்குப் போடலாம். பி வகைச் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஓடினால் இரண்டரை மணி நேரம், 15 லிட்டர் என்றால் 100 நிமிடம். மீட்டர் முள் பாதியில் நின்றால் இதுவும் பாதி. மூன்று மணி நேரப் பயணத்துக்கு ஒற்றைச் சிலிண்டரோடு வரும் வண்டியில் ஏறாதீர்கள். நெரிசலையும் சேர்த்து, தேவைப்படும் நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும்.

வாசலில் இறங்கியதும்

வெளிநோயாளி வரிசையில் நிற்காதீர்கள், அவசர சிகிச்சைப் பிரிவு என்று கேட்டு நேராகப் போங்கள். தீவிர சிகிச்சைக்கு உரிய அரசு மருத்துவமனைகளில் வந்தவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். பச்சையில் இருப்பவருக்குப் பின் வந்த சிவப்பு முன்னால் போகும். காத்திருக்கும்போது வலி கூடினாலோ பேச்சு குறைந்தாலோ செவிலியரிடம் உடனே சொல்லுங்கள், நிறம் மாறும்.

மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியவை: எத்தனை மணிக்குத் தொடங்கியது, வழியில் என்ன கொடுத்தீர்கள், ஏற்கெனவே என்ன நோய், எந்த மருந்துக்கு ஒவ்வாமை, கடைசியாக எப்போது சாப்பிட்டார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லுங்கள். மாத்திரைப் பெயர் நினைவில் இல்லையென்றால் அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள். பழைய இ.சி.ஜி. இருந்தால் தங்கம் மாதிரி, புதிதாக வந்த மாற்றம் எது என்று அதை வைத்துத்தான் தெரியும். காப்பீட்டு அட்டையும் ஆதாரும் தேடிக்கொண்டு வீட்டில் நிற்காதீர்கள், பின்னால் ஒருவர் கொண்டுவரட்டும்.

வேறு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்றால் மறுபடி தூக்குவதற்கு முன் மூன்று விஷயங்கள் கையில் இருக்க வேண்டும். கொடுத்த மருந்தும் நேரமும் எழுதிய பரிந்துரைத் தாள், எடுத்த இ.சி.ஜி. அல்லது ஸ்கேன், அங்கே படுக்கை இருக்கிறது என்று இங்குள்ள மருத்துவர் போனில் பேசி உறுதி செய்த பதில். அரசு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் 108 வரும், மருத்துவமனையே அழைக்கும். சிலிண்டர் முள்ளை இங்கேயும் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுங்கள்.